பலூன் என்று நினைத்துவிட்டேன்

தெமோதரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜீவராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், டோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். சொல்ல வேண்டியது வாயில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கொடுத்தனுப்பிய மெஷின் வந்து சேர்ந்தது. டோஹாவிலிருந்து லீவில் வந்த மொஹிதீன் பதுளையிலிருந்து பஸ் ஏறி நம் லயத்து வீட்டுக்கே கொண்டுவந்தான், "மாமா, தினமும் இதுல ஊதணுமாம், வர்ற நம்பர ஜீவராணிக்கு அனுப்பணுமாம்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். குடித்துவிட்டு ஓட்டி, பொலிஸில் பலூன் ஊதி மாட்டி, லைசென்ஸும் தோட்டத்து லொறி வேலையும் போனவனிடம் ஊது என்றால் வேறென்ன தோன்றும்? அப்பன் இன்னும் குடிக்கிறானா என்று பார்க்க மகள் கடல் கடந்து பலூன் அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மூச்சு இழுப்புக்குத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை, தாயும் மகளும் சேர்ந்து நாடகம் ஆடுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். பதினேழு நாள் உன் போனையும் எடுக்கவில்லை. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னபோதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

போன செவ்வாய், நான் இப்போது வேலை செய்யும் தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் தூசி அதிகம். வேலை முடிந்து லயத்துக்கு ஏறும்போது பாதிப் படியில் மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டேன், பயந்துபோனேன் மகள். அம்மா ஓட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், உன் மெஷினையும் பையில் போட்டுக்கொண்டாள். அங்கே டொக்டர் சிவரூபி என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெஷினைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "ஐயா, இது குடிச்சதைக் காட்டாது. உங்கட சுவாசக் குழாய் உள்ளுக்க எவ்வளவு வீங்கியிருக்கெண்டுதான் காட்டும்" என்றார். பலூன் ஊதுகிற மாதிரி பலமாக ஊதி இரண்டு தடவை கெடுத்தேன். மெதுவாக, ஒரே சீராக, பத்து செக்கன் ஊத வேண்டுமாம். அடுப்பை ஊதிப் பழகிய உன் அம்மா முதல் தடவையிலேயே சரியாக ஊதினாள், அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை. அவளுக்கு வந்த நம்பர் பதினெட்டு, எனக்கு அறுபத்திரண்டு. ஐம்பதுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம். இப்போது இரண்டு வேளையும் டொக்டர் கொடுத்த மருந்துப் பம்ப் இழுக்கிறேன், இன்று காலை ஐம்பத்தேழு.

இனி சொல்ல வந்தது. ஸ்டேசனில் உன்னை ரயிலேற்றியபோது இனித் தொடமாட்டேன் என்று உன் தலையில் கைவைத்துச் சொன்னேன். மூன்று வருசம் காப்பாற்றினேன். மெஷின் வருவதற்கு முந்தின வாரம் பூனாகலையில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு கிளாஸ் குடித்தேன். அன்று நான் ஊத மறுத்தது கோபத்தால் இல்லை மகள், ஒரு வாரம் கழித்தும் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தால். குடித்ததைக் காட்டாது என்று டொக்டர் சொன்னதும், தப்பித்தோம் என்று மனதுக்குள் ஒரு சந்தோசம் வந்தது பார், அதுதான் என்னை வெட்கப்பட வைத்தது. நீ என் மூச்சை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறாய், நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

குளிர் ஏசியில் தலையை ஈரமாக வைத்துக்கொண்டு நிற்காதே. ஊதும் குழாய் இன்னும் எட்டுத்தான் இருக்கிறது, கிடைத்தால் அனுப்பு. நீ நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும். திட்டுவதென்றால் போன் எடுத்தே திட்டு, இனி நான்தான் எடுப்பேன். கல்யாண வீட்டு விசயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கடிதத்தை ஒட்டுமுன் அவளுக்கும் வாசித்துக்காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரிசாமி