பேண்ட் வாத்திய வகுப்பில் நூறு வாங்கியதால் நான் இழந்த இடம் குறித்து

அனுப்புநர்:
மரிபெல் ஓச்சோவா,
பன்னிரண்டாம் வகுப்பு,
மெஸ்கீட் பெண்ட் உயர்நிலைப் பள்ளி, டெக்சாஸ்.

பெறுநர்:
உயர்திரு ஆஷ்கிராஃப்ட் அவர்கள்,
கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர்,
மெஸ்கீட் பெண்ட்.

பொருள்: கூடுதல் பாடம் படித்து முழு மதிப்பெண் பெற்றவரைத் தரவரிசையில் கீழே இறக்கும் விதியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வகுப்பில் நூற்றிருபது பேர். முதல் பத்து விழுக்காட்டினருக்கு, அதாவது பன்னிரண்டு பேருக்கு, மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேள்வி கேட்காமல் இடம் உண்டு. நான் பதின்மூன்றாவது. படிக்காததால் அல்ல, அதிகமாகப் படித்ததால் பதின்மூன்றாவது. இதைப் பணிவோடுதான் எழுதுகிறேன், ஆனால் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

2. தங்கள் விதிப்படி கடினப் பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் ஐந்து புள்ளி. சாதாரணப் பாடத்தில் தலைகீழாக நின்று ‘ஏ’ வாங்கினாலும் நான்குதான். போன ஆண்டு நானும் என் தோழி டெஸா கிரிம்ஸ்லியும் அதே ஆறு கடினப் பாடங்களைப் படித்தோம். ஆறிலும் எனக்கு ‘ஏ’. அவளுக்கு ஒரே ஒரு பாடத்தில் அரையாண்டு மட்டும் ‘பி’, அதாவது என்னைவிட அரைப் புள்ளி குறைவு. ஏழாவது பீரியடில் நான் பேண்ட் வகுப்புக்குப் போய் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழலை வாசித்தேன். அவள் அந்த பீரியடை வெறுமனே விட்டுவிட்டாள். ஆறு ஐந்துகளோடு ஒரு நான்கைச் சேர்த்தால் சராசரி இறங்கும். ஒன்றுமே சேர்க்காவிட்டால் அப்படியே நிற்கும். அவள் பன்னிரண்டு, நான் பதின்மூன்று. அந்த நான்கு, ஐயா, நான் வாங்கிய நூற்றுக்கு நூறு. அதற்காக எங்கள் வீட்டில் மக்காச்சோள மாவில் டமாலே அவித்துக் கொண்டாடினோம்.

3. டெஸா மேல் எனக்கு வருத்தமில்லை. அவளும் முன்பு எங்களோடு கிளாரினெட் வாசித்தவள். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போதே என்னை எச்சரித்தாள்: “லூசாடி நீ? அந்த டியூபாவைத் தூக்கித் தூக்கி ரேங்க்கைக் கீழ போடாதே. விட்டுட்டு வா, கார்ல தூங்கலாம்.” அவள் தங்கள் விதியைச் சரியாகப் படித்திருந்தாள். நான் பள்ளி வாசலில் தாங்கள் மாட்டியிருக்கும் ‘ஒவ்வொரு திறமைக்கும் இங்கே மதிப்பு உண்டு’ என்ற பலகையைப் படித்து ஏமாந்தேன்.

4. ஆகஸ்ட் மாதத்தில் வாகன நிறுத்துமிடத்துத் தார் உருக, தோளில் டியூபாவோடு அணிவகுத்துப் பழகுகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் ஃபுட்பால் ஆட்டத்தில் தோற்கும் நம் அணிக்காகவும் விடாமல் வாசிக்கிறோம். தங்கள் மாமனார் அடக்கத்திலும் வாசித்தோம். அன்று தாங்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னீர்கள். அந்தக் கைக்குத் தங்கள் விதி என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

5. செப்டம்பரில் தரவரிசை வந்ததும் ஆலோசகர் திருமதி கெட்ச்சம் அவர்களிடம் போனேன். அவர் நல்லவர், என்னோடு சேர்ந்து கண் கலங்கினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “நூறு வாங்கினதுதாம்மா உனக்கு வினையாப் போச்சு. போன வருஷ பேண்டை மதிப்பெண் இல்லாத பாடமா மாத்திடறேன். நீ பன்னிரண்டுக்கு வந்துடுவே. ஒரு கையெழுத்துப் போடு, வெளிய மூச்சு விடாதே.”
அப்படியானால் டெஸா பதின்மூன்றாவது ஆகிவிடுவாளே என்று கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

6. எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறி பிடித்தது போல வேண்டும். மழை பெய்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பேருந்து ஓடையைக் கடக்க முடியாமல் நின்றுவிடும், தாங்களும் அறிவீர்கள். பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்து என் எண்ணம். ஆனால் தோழியைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டு அந்தப் படிப்புக்குப் போக எனக்கு மனமில்லை.

7. நடந்ததை டெஸாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் திட்டினாள், என்னையல்ல. பிறகு, “எல்லாருக்கும் பொதுவா கணக்குப் போட்டு நான் வெளிய போனா போறேன்டி. கதவைச் சாத்திட்டுப் போடற கணக்குல மட்டும் போக மாட்டேன்,” என்றாள். இந்த மனுவின் கீழே முதல் சாட்சியாக அவளே கையெழுத்திட்டிருக்கிறாள்.

8. ஆகவே நான் கேட்பது இதுதான். கூடுதலாக எடுத்த பேண்ட், ஓவியம், வெல்டிங், விவசாயம் எதுவானாலும், அது எவருடைய தரவரிசையையும் கீழே இழுக்கக் கூடாது. இந்த ஆண்டு மாணவர் அனைவருக்கும் கதவைத் திறந்துவைத்து மறுபடி கணக்கிடுங்கள், பட்டியல் பல்கலைக்கழகங்களுக்குப் போவதற்கு முன்பே. அதன் பிறகும் நான் பதின்மூன்றாவது என்றால், வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் போல விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

9. வரும் பதினெட்டாம் தேதி, பழைய மாணவரெல்லாம் ஊர் திரும்பும் ஹோம்கமிங் ஆட்டம். இடைவேளையில் தாங்கள் மைதானத்தின் நடுவே நடந்து வருவீர்கள், பேண்ட் குழுவினராகிய நாங்கள் பள்ளிப் பாடலை வாசிக்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் சீருடையோடு வருவோம், வரிசையாக நிற்போம், ஒரு சுரம்கூட வாசிக்க மாட்டோம். இது தங்களை அவமதிக்க அல்ல. வாசித்தால் நான்கு, சும்மா இருந்தால் இழப்பில்லை என்று கற்றுக்கொடுத்தது தங்கள் விதிதான். அன்று ஊரே பார்க்க அதன்படி நடந்துகாட்டுவோம். அந்த அமைதியில் தாங்கள் நடக்கும் தூரம் மிக நீளமாக இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

வாசிக்கவே விரும்புகிறோம். தாங்கள் வாசிக்க விடுங்கள்.

இடம்: மெஸ்கீட் பெண்ட்
நாள்: 8 அக்டோபர் 2024

தங்கள் பதிலுக்காக டியூபாவைக் கீழே வைக்காமல் காத்திருக்கும்,
மரிபெல் ஓச்சோவா
(தரவரிசை எண் 13)

சாட்சி: டெஸா கிரிம்ஸ்லி
(தரவரிசை எண் 12, இப்போதைக்கு)