சுல்தான் அனுப்பிய ஐஸ்

பாசமுள்ள மகளுக்கு,

உன் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. சுபாங் ஜெயாவில் அவனோடு பழைய சிலுவைப்போர்ச் சண்டைகளை நடித்துக்காட்டும் விமலன், தன் சுல்தான் அங்கியோடு நேற்று ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். கையில் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், சீவிய ஐஸில் பாகு சொட்டச் சொட்ட.

“சுல்தான் கொடுத்தனுப்பினாரு, அங்கிள்!”

“யாரு, நம்ம சுல்தானா? கிள்ளான் அரண்மனையிலிருந்தா?” என்றேன். வார்டே சிரித்தது.

“இல்ல லா அங்கிள், அந்தக் காலத்துல. எதிரி ராஜாவுக்குக் காய்ச்சல்னு கேட்டு, சுல்தான் பனிக்கட்டி அனுப்பினாராம்.”

தம்பியால் விழுங்க முடியவில்லை. விமலன் அவன் உதட்டில் தடவிவிட்டான்.

இனிமேல் அவன் கேட்பதையெல்லாம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், மடையன் நான், பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று குதித்தேன். உன் அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

உனக்கும் தம்பிக்கும் என்ன சண்டையோ, எனக்குப் புரியாது. அவன் உன்னைத்தான் கேட்கிறான், மகளே.

உன் மக்கு அப்பா