கையுறைப் படம்

ஆமாம் அம்மா, அந்தப் படம் என் மேசைக்குத்தான் வந்தது. முதலில் உங்கள் முட்டுவலியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? எனக்குச் சுகம்தான். புனேயில் குளிர் அதிகம்.

எங்கள் கம்பெனி செய்யும் வண்டி பிரேக்குக்கு, நீங்கள் முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸிலிருந்து முந்திரித்தோட்டு எண்ணெய் வருகிறது. எண்ணெய் தருகிறவர்கள் வேலைக்காரர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்து எழுதுவது என் வேலை. உங்கள் முதலாளி அனுப்பிய படத்தில் எல்லோரும் கையுறை போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக நீங்கள் சிரிக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னீர்களே: "படம் பிடிச்ச ஒடனே கையொறைய ஊரி வாங்கிட்டாவ மக்களே. முத்துக்கனி சொல்லுகா, 'எரவல் நகைன்னாலும் ஒரு நாள் கெடக்கும் ஏட்டி, இது பத்து நிமிசம்கூடக் கெடக்கல்லியே'ன்னு. ஒரே சிரிப்பு."

நானும் சிரித்தேன். பிறகு எண்ணெய் பட்டு வெந்த உங்கள் விரல்கள்தான் கண்ணில் நின்றன. உண்மையை எழுதினால் ஆர்டர் நின்றுபோகலாம். அப்புறம் நீங்களும் முத்துக்கனி அக்காவும் எந்த வேலைக்குப் போவீர்கள்? எழுதாவிட்டால் அந்த விரல்கள் அப்படியேதான் இருக்கும்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று முதலாளி கேட்டால் சொல்லாதீர்கள். நேரமாகிவிட்டது, அம்மா.

கையுறை இல்லை என்று அறிக்கையில் இன்று எழுதினேன். எப்படித் தெரியும் என்று கேட்டிருந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டேன்.

ஜெமி