ஈயத்துக்குப் பூசிய மிளகாய்த்தூள்

ஷ்லீரன், சுவிஸ்,
திங்கள் காலை

அன்பின் புவனத்துக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். நான் குண்டுக்கல்லுப் போல இருக்கிறேன். கீழே உள்ளதை வாசித்துப் பயப்பட வேண்டாம்.

என்னோடு வீட்டைப் பங்கிட்டிருக்கும் ஊர்ஸ் என்ற சுவிஸ்காரன், துப்பாக்கிச் சங்கக்காரன். ஈயத்தை உருக்கித் தானே துப்பாக்கிச் சன்னம் வார்ப்பான். சன்னத்தையும் வர்ணத் தூளையும் டப்பாவில் போட்டுக் குலுக்கிப் போறணை அடுப்பில் சுட்டால், தூள் உருகிப் பூச்சாகப் பிடிக்கும். எந்தத் தூள் நல்லது என்று கேட்டான். பூச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற நான், ஐரோப்பாவின் வர்ணச் சக்கரவர்த்தியாகி, "சிவப்புத் தூள் நிலவறையிலை இருக்கு. சமையல் போறணையை மட்டும் தொடாதை" என்று அருளினேன்.

அந்தப் பீடை, நீர் வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூளைக் குசினியிலிருந்து எடுத்து, ஈயத்தோடு குலுக்கி, நான் மீன் சுடும் போறணையிலேயே வைத்துவிட்டது. சீ! புகையில் ஆல்ப்ஸ் மலையே தும்மியது.

"டேய், அது சாப்பிடுற தூளடா!"

இருமிக்கொண்டே கேட்கிறான்: "ஒட்டேல்லையே பரமநாதன், தூள் பழசோ?"

உமது தூளைப் பழசென்ற வாய்! மிச்சத் தூளுக்குள்ளும் ஈயக் கையை விட்டிருந்தான். ஈயம் நஞ்சல்லவா, தூளையும் போறணையையும் எறிந்தேன். நான் அதில் ஒன்றும் தின்னவில்லை, சத்தியம்.

யாரும் இங்கே வந்தால் இரண்டு கிலோ தூள் கொடுத்துவிடும். ஊர்ஸ் தொடாதபடி பையில் பெரிதாக மண்டையோட்டுப் படம் கீறும்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. தூள் எரிந்த அன்று வேலையால் வந்து படியேறும்போது மிளகாய் வறுபடும் மணம் வந்தது. கதவைத் திறக்கும்வரை, உள்ளே நீர் நிற்கிறீர் என்றே நினைத்தேன்.

உமது,
பரமநாதன்