லொறி புறப்படுமுன் சீனியைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
திருமதி ஜனகன் தனுஜா,
17/2 (மேல்மாடி), சந்தை வீதி,
நெலுகஸ்தென்னை, இரத்தினபுரி மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நகர சபை,
நெலுகஸ்தென்னை.

விடயம்: நான் வேலைக்குச் சென்றிருந்த வேளையில் பூட்டிய வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட என் வளர்ப்பு நாய் சீனியை மீட்டுத் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்நகரிலுள்ள தனியார் இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவேன். கணவர் கட்டாரில் இருக்கிறார். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள் மதுஷா இரண்டு மணிக்குப் பாடசாலையிலிருந்து வந்து, நான் வரும்வரை வீட்டில் தனியே இருப்பாள்.

2. கடந்த மார்ச் மாதத்தில் இரு தடவை, பிற்பகல் மூன்று மணியளவில், யாரோ ஒருவன் பின்படிக்கட்டால் ஏறி வந்து கதவைத் தட்டி, "அம்மா அனுப்பினாங்க, தொறங்க" என்றிருக்கிறான். நான் எவரையும் அனுப்பவில்லை. மகளும் திறக்கவில்லை. பொலிஸில் முறையிட்டேன், முகத்தைக் காணாததால் ஆளை அடையாளம் காட்ட முடியவில்லை. வேலையை விட எனக்கு வழியில்லை. ஆகவேதான் நாய் வளர்க்கத் தீர்மானித்தேன். ஆசைக்கு வளர்த்த நாயல்ல என்பதைத் தாங்கள் முதலில் அறிய வேண்டும்.

3. நாய் வேண்டும் என்று வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு ஆலோசனை வந்தது. கணவரின் தம்பி அல்சேஷன் என்றார். இரண்டு அறை மேல்மாடியில் அது திரும்பிப் படுக்கவே இடம் போதாது. பலாங்கொடைக் கடையில் வெள்ளைவெளேரென்ற பொமரேனியன் குட்டியொன்றைக் காட்டினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் காலை முழுதும் ஆளில்லாத வீட்டில் ஒரு குட்டியைப் பூட்டிவைப்பது பாவம். முழுநேரம் வேலைக்குப் போகிறவளுக்கு எந்த நாய் சரிவரும் என்று எவரும் சொல்லவில்லை. அவரவருக்குப் பிடித்த நாயைத்தான் சொன்னார்கள்.

4. பெல்மோர் தேயிலைத் தோட்டத்தில், எட்டு வீடுகள் ஒட்டிய 4ஆம் லயத்தில் குடியிருந்து, கொழுந்து பறிக்கும் என் சித்தி மகள் இலட்சுமி மட்டுமே என் தேவையைக் கேட்டுப் பதில் சொன்னாள்: "அக்கா, எங்க லயத்து சீனியப் பாருங்க. நாங்க காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனா, அந்திக் கொழுந்து நிறுவை முடிஞ்சு வர்ற வரைக்கும் வாசல்லயே கெடக்கும். தெரிஞ்ச ஆளுக்கு வாலாட்டும், தெரியாத ஆளப் படியேற விடாது." நான்கு வயது, நடுத்தர உடம்பு, பழுப்பு நிறம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை தடவை எவரும் போகவில்லை. கொழுந்து கூடிய காலமாதலால் இரண்டு ஞாயிறுகளில் வேலையும் நடந்தது. இலட்சுமி சொன்னது உண்மையென்று கண்ணால் கண்டேன். வீட்டுரிமையாளர் திரு. நாகலிங்கம் அவர்களிடம் வாய்மூலம் அனுமதியும் பெற்று, மே மாதம் 4ஆம் திகதி அழைத்து வந்தேன்.

5. முதல் நான்கு நாட்கள் சீனி ஊளையிட்டது. இதை நான் மறைக்கவில்லை. பிழை என்னுடையது. லயத்தில் எவரும் நாயை உள்ளே போட்டுக் கதவைப் பூட்டுவதில்லை, நான் பூட்டினேன். ஐந்தாம் நாள் முதல், கம்பிவலை அடித்த பின்விறாந்தையில் தெருவைப் பார்க்கும்படி நீளக் கயிற்றில் கட்டி விட்டேன். அன்றோடு சத்தம் நின்றது. அதன்பின் பின்படிக்கட்டில் ஏறத் துணிந்தவரும் இல்லை. மகள் இரண்டு மாதத்தின் பின் பகலில் நிம்மதியாக உறங்கினாள்.

6. இப்படியிருக்க, ஜூன் 17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, திரு. நாகலிங்கம் தம்மிடமிருந்த மாற்றுச் சாவியால் என் வீட்டைத் திறந்து, சபை ஊழியர் இருவரைக் கொண்டு நாயைப் பிடித்து லொறியில் ஏற்றியுள்ளார். எனக்கு முன்னறிவித்தல் எதுவும் தரப்படவில்லை. இரண்டு மணிக்கு வீடு வந்த என் மகள் கண்டது அறுந்த கயிற்றை மட்டுமே.

7. அவர் சபைக்குக் கொடுத்த புகாரில், அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தினர் நாயை ஆட்சேபிப்பதாக எழுதப்பட்டுள்ளது. அந்தக் குடும்பத்தின் திருமதி ஸாஹிரா நுஹ்மான் இதைக் கேட்டுக் கோபத்தோடு சொன்னது: "எங்கட பேரப் போடச் சொல்லி அவருக்கு யாரு சொன்ன?" அவர் தொழுகைக்காகச் சுத்தம் பேணுபவர் என்பதால், பொதுவான முன்படிக்கட்டில் நாயை விடுவதில்லை என்று முதல் நாளே நாங்கள் பேசி முடித்திருந்தோம். அவர் கைப்பட எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன்.

8. மறுநாள் சபைக்கு வந்து தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். அட்டையில் உரிமையாளர் பெயர் இல்லாததால் இது தெருநாய் என்றார்கள். அட்டையில் "4ஆம் லயம், பழுப்பு நாய்" என்றிருப்பது மெய்தான். எட்டு வீடும் சோறு போடும் நாய்க்கு எந்த வீட்டின் பெயரை எழுதுவது? தோட்டத்தில் ஊசி போட வருபவர் லயத்தின் இலக்கத்தைத்தான் எழுதுவார். அங்கு அது போதும். ஆனால், பெயர் ஒட்டாத குழாயில் வரும் இரத்தத்தைத் திருப்பியனுப்புவதே தொழிலான நான், அந்த அட்டையை மாற்றாமல் வைத்திருந்தேன். என் கவனக்குறைவுக்கு என்னைத் தண்டியுங்கள். எட்டு வீட்டுக்காரரும் கையொப்பமிட்டு, நாயை எனக்குத் தந்ததாக எழுதிய கடிதம் இத்துடன் உள்ளது.

9. சபைக் களஞ்சியத்தின் பின்னால் உழவு இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும் சீனியை அன்று பார்த்தேன். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தது. நான் திரும்பி நடந்தபோது குரைக்கவில்லை, அப்படியே உட்கார்ந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணி லொறியில் வேறெங்கோ அனுப்பப்படும் என்கிறார்கள்.

10. ஐயா, நேற்று, 19ஆம் திகதி பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பின்கதவு மீண்டும் தட்டப்பட்டது. மகள் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறாள். வெளியில் நின்றவன் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "மதுஷா, நாய் இல்லதானே, தொறங்க." என் மகளின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாய் போய் இரண்டு நாளில் அதுவும் தெரிந்திருக்கிறது. எவர் மீதும் நான் குற்றம் சுமத்தவில்லை. பொலிஸில் மீண்டும் முறையிட்டுள்ளேன்; அதை அவர்கள் விசாரிப்பார்கள். மாற்றுச் சாவி இன்னமும் என் கையில் இல்லை என்பதையும் இங்கு பதிகிறேன்.

11. ஆகவே, லொறி புறப்படுமுன் சீனியை என்னிடம் ஒப்படைக்கவும், என் பெயரில் பதிவு செய்யவும், அனுமதியின்றி என் வீடு திறக்கப்பட்டதை விசாரிக்கவும் தயவுடன் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். எனக்குக் கிடைத்த விடுமுறை ஞாயிறோடு முடிகிறது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போவேன். இரண்டு மணிக்கு என் மகள் வீட்டுக்கு வருவாள். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டால் உள்ளே அவளோடு யார் இருப்பது என்பது இப்போது தங்கள் கையொப்பத்தில் இருக்கிறது.

இணைப்புகள்: தடுப்பூசி அட்டை, திருமதி ஸாஹிராவின் கடிதம், 4ஆம் லயத்தவர் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள் இரண்டு.

இடம்: நெலுகஸ்தென்னை
திகதி: 20.06.2025

பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜ. தனுஜா
மதுஷாவின் தாய்