மீன் விற்பவள் முட்டை வாங்குகிறாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு நலம், அறிவும் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். அறிவைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குப் புத்தி பிசகிவிட்டது, வாங்கிய மீனையெல்லாம் குப்பையில் கொட்டுகிறேன் என்று உன் தங்கை உன்னிடம் சொன்னாளாம். எல்லா மீனையும் இல்லை, கழிமுகத்து மீனை மட்டும்தான், அதுவும் காரணத்தோடு. உனக்கென்று முள்ளில்லாத துண்டாய்ப் பார்த்து எடுத்துவைப்பாளே மீன்காரி, அவள் போன வாரம் தெருமுனைக் கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். கூடை நிறைய மீன் இருக்க முட்டை எதற்கு என்றேன். வீட்டில் பேரப்பிள்ளைங்க இருக்காங்களேம்மா என்றாள். அப்படியானால் நான் மட்டும் தின்னலாமா என்றேன். உங்களுக்குத்தான் வயசாயிடுச்சே என்றாள். இவளுக்கு மட்டும் பதினாறு நடக்கிறதாக்கும்!

மறுநாள் அவளையே அழைத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போனேன். காயலான்கடை ஆட்கள் கரையிலேயே கம்ப்யூட்டர்களை உடைத்து, வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள், உள்ளிருக்கும் பச்சைத் தகடுகளை அமிலத்தில் கழுவி, கழுவிய தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுகிறார்கள். ஈயமும் பாதரசமும் விஷம் என்று கன்னியாஸ்திரிகள் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அது மீன் வழியாக யார் வயிற்றுக்குப் போகும் என்பதை நானே கூட்டிப் பார்த்துக்கொள்வேன். சேற்றில் கிடந்த ஒரு பெட்டிக்குள் நண்டு குடியிருந்தது. பெட்டியின் மேல் உன் அலுவலகத்து முத்திரையான நீலப் பறவை.

நான் படித்த பள்ளிக்குத் தானம் என்று போன வருடம் உன் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர்களை அனுப்பினாயே, அவைதான். தலைமைச் சகோதரி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், நானும் தலைநிமிர்ந்து வாங்கிக்கொண்டேன். இப்போது விசாரித்தால் முக்கால்வாசி கண்ணே திறக்கவில்லையாம், என் மனம் நோகுமே என்று சொல்லாமல் காயலான்கடைக்குப் போட்டார்களாம். நீ இருக்கும் நாட்டில் இவற்றை ஒழித்துக்கட்ட ஏகப்பட்ட செலவு, கப்பலேற்றிவிட்டால் மிச்சம் என்கிறார் உன் தங்கை வீட்டுக்காரர். அவர் பேச்சை நான் என்றைக்கு நம்பினேன், ஆனாலும் இது முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. உன்னிடம் போனில் கேட்டேன், சரியாகக் கேட்கவில்லை அம்மா என்று வைத்துவிட்டாய். அதற்கு முன் பேரனின் மதிப்பெண்களைப் பற்றி நான் கேட்டதெல்லாம் உனக்கு நன்றாகத்தான் கேட்டது.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். அனுப்பும்போதே அவை செத்தவை என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? காகிதத்தில், உன் கையால் பதில் எழுது.

அம்மா