நிமிர்ந்த தேங்காய்

பிப்ரவரி 3

மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இன்று எனக்கு ராஜ மரியாதை. அக்கா மகள் சௌமியா என்னை மாமா என்று கூப்பிடுவதால், அவளோடு பன்னிரண்டாவது படிக்கிற எல்லாருக்கும் நான் மாமாதான். எனக்கு வயது பதினெட்டு. பத்தாவதோடு படிப்பை நானாகத்தான் விட்டேன். அன்றைக்கு ஹெட்மாஸ்டர் அழுதார். சரி, அழுதார் என்றே இருக்கட்டும்.

சௌமியாவின் சிநேகிதி தனப்பிரியாதான் நான் சொல்வதைக் கண் இமைக்காமல் கேட்கிறாள். போர்வெல் போடுகிற ரிக்கு வண்டியில் நான்தான் டிரில்லர் என்றேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துத் தோட்டங்காட்டில் நடந்தால், நீரோட்டம் உள்ள இடத்தில் அது தானாக எழுந்து நிற்கும். அப்படிப் பதினேழு போருக்குப் பாயிண்ட் கொடுத்தேன், ஒன்றும் பொய்க்கவில்லை என்றேன்.

உண்மையில் பட்டறையில் அந்த வண்டிகளுக்குக் கிரீஸ் அடிக்கிறேன். தேங்காயை ஒருமுறை பிடித்தேன். விழுந்து உடைந்தது. சட்னி அரைத்தார்கள்.

"இந்தக் கையா மாமா?" என்று உள்ளங்கையை ஒரு விரலால் தொட்டாள்.

இன்னும் கை கழுவவில்லை.

பிப்ரவரி 16

அவள் அப்பா நாச்சிமுத்து பட்டறைக்கே வந்துவிட்டார். பழைய போர் வற்றி, மரவள்ளி காய்கிறதாம். தனப்பிரியாவை நர்சிங் சேர்க்க வைத்திருந்த பணத்தை எடுத்து இந்த ஒரு போர் போடுகிறாராம். தண்ணீர் வந்தால் மரவள்ளியே அவளைப் படிக்க வைத்துவிடும் என்றார்.

"எங்க காட்டுக்கும் ஒருக்கா வந்து பாத்துக் குடுங்க சாமி."

அவர் பின்னால் அவள் நின்றாள். பெருமையாக.

"வாரேனுங்க" என்றேன். என் வாய்தான். வேறு யார் வாய்?

பிப்ரவரி 17

சொல்லிவிடலாமா?

பிப்ரவரி 20

காடு முழுக்க நடந்தேன். தேங்காய் செத்த எலி மாதிரி கையில் கிடந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். அவளும் பார்க்கிறாள். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் விரலை லேசாக மடக்கினேன். நிமிர்ந்து நின்றது.

நாச்சிமுத்து அந்த இடத்தில் முளைக்குச்சி அடித்துக் கற்பூரம் ஏற்றினார். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதத் தெரியாது என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 23

இன்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டில், மூச்சு விடாமல். தேங்காய் தானாக நிமிரவில்லை, நான்தான் நிமிர்த்தினேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று.

சிரித்தாள். "பாருடி சௌமியா, மாமாவுக்கு இன்னிக்குப் புதுசா அடக்கம் வந்திருக்குது."

இத்தனை நாள் அளந்ததையெல்லாம் நம்பினாள். இதை நம்பவில்லையே, நான் என்ன செய்வேன்? அவள் அப்பாவிடம் போகணும். நாளைக்குப் போகணும்.

பிப்ரவரி 24

அவர் ஊட்டு வாசல் வரைக்கும் போனேன். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 25

ரிக்கு வந்து ஓட்ட ஆரம்பித்தது. முந்நூறு அடி, வெறும் கல்தூள் புகை. அறுநூறு, புகை. நின்றவர்கள் தலையெல்லாம் வெள்ளை. ஆயிரத்து நூறில் நாச்சிமுத்துவே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பைப்பை உருவினார்கள். ஈரம்கூட இல்லை.

என்னைத் திட்டவில்லை. உட்கார வைத்து இலை போட்டார். "உங்க கை மேல தப்பில்லீங்க சாமி. எல்லாம் என்ற தலையெழுத்து."

சோற்றில் கை வைக்கவில்லை. "நான்தானுங்க விரலை மடக்கி நிமித்துனேன்" என்றேன்.

அவர் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டார். பிறகு சொன்னார்: "தின்னுட்டுப் போ."

தனப்பிரியா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 4

பரீட்சை முடிந்ததும் அவள் நூல் மில்லுக்குப் போகிறாளாம். சௌமியாதான் சொன்னாள். என்னை மாமா என்று கூப்பிடாமல் சொன்னாள்.

மே 6

மத்தியப் பிரதேசம். ஒரு மாதமாக ரிக்கில் பைப்பு தூக்குகிறேன். டிரில்லர் வேறு ஆள்.

மத்தியானம் புது நம்பரிலிருந்து மெசேஜ்: "நான் தனப்பிரியா. மில் ஹாஸ்டல்ல இருக்கேன். அங்க தண்ணி வருதா?"

ஆறு இஞ்ச் தண்ணீர் பீச்சி அடிக்கிறது, ஊரே எனக்கு மாலை போட்டது என்று அடித்தேன். விரல் தானாக அடித்தது. அழித்தேன்.

"இல்ல. எண்ணூத்தி நாப்பது அடி. புகைதான். நான் பைப்புதான் தூக்கறேன்."

நீல டிக் விழுந்துவிட்டது. வெகுநேரம் பார்த்தேன். வேறொன்றும் வரவில்லை.

அடுத்த பைப்பு ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.